தோட்டத்துக் கரண்டு என்று நாங்கள் சொன்னது

அன்று மாலை தோட்டத்துத் திடலில் இருந்தவர்கள்: நான், ட்ரோன் கம்பெனி நடத்தும் குணா, அவனிடம் வேலை பார்க்கும் இருவர், கோவில் தலைவர், பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு வந்திருந்த சனம். அந்தச் சனத்தில் என் அம்மாவும் தங்கையும் தங்கையின் மகளும் இருந்தார்கள். இருந்திருக்க வேண்டியவர்களில் இல்லாதவர் ஒருவர்தான். எங்கள் குழுவின் தலைவர். டாக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிற அவர் அந்த வாரம் ஒரு பயிலரங்குக்காக வெளிநாட்டில் இருந்தார். முடிவு சொல்ல வேண்டியவர் அவர். சொல்ல வேண்டி வந்தது எனக்கு.

மலாக்காவில், பாயா ரும்புட்டில் இருக்கும் நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். மாத முடிவில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஓய்வு பெறுகிற வயதில்லை, முப்பத்திரண்டுதான் ஆகிறது. என்றாலும் இந்த மேசையிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி மாடலை எப்படி ஓட்டுவது, கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை வெட்டியவர். அம்மா தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் பகுதியில் வேலை செய்தார். அதனால் என் வேலையைப் பற்றி வீட்டில் சொல்ல நேரும்போதெல்லாம் சுலபமாகச் சொல்லப் பழகிவிட்டேன். இங்கும் அப்படியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் எல்லா நாளும் ஒரே மாதிரி எரிவதில்லை. சில ஆண்டுகள் சூடு ஏறும், சில ஆண்டுகள் அடங்கும். நம் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காற்றுமண்டலத்தின் மேல்தட்டுக்குத் தெரியும். அங்கே மெலிந்து கிடக்கும் காற்றைச் சூரியன் உடைத்து மின்னூட்டம் ஏற்றுகிறது. கீழேயிருந்தும் ஒரு தள்ளல் உண்டு. சுமத்ரா பக்கம் பிற்பகலில் எழும் இடிமேகங்கள் அலை அலையாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தரையிலிருந்து அந்த உச்சி வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே உடம்பாக வைத்துக் கணக்குப் போடுவதுதான் நம் மாடல். நம் ஊர் மாதிரி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்களில், பொழுது சாய்ந்த பிறகு, சில நாள்களில் அந்த உச்சியில் குமிழிகள் கிளம்பும். கொதிக்கிற கஞ்சியில் கிளம்புகிற மாதிரி. நட்சத்திரம் தெரியும், நிலா தெரியும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். அந்தக் குமிழி வழியாக வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை மட்டும் நடுங்கி அறுந்துபோகும்.

குமிழிகள் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்வதற்குத்தான் மஸ்ஜித் தானாவுக்கு அருகே, நான் பிறந்த தோட்டத்தில், பழைய ஆஸ்பத்திரிக் கூரையில் ஒரு வாங்கி வைத்திருந்தோம். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டி. சுற்றிலும் உயரமான கட்டடம் கிடையாது. பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு பறவைக்கூட்டுக் கட்டடம் மட்டும் உண்டு. கூட்டை எடுத்து விற்பதற்காகக் குருவிகளை வரவைக்க அதில் நாள் முழுக்கக் குருவிச் சத்தத்தை ஒலிபரப்புவார்கள். பெரும்பாலும் குருவி வராது. சத்தம் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெட்டியின் தரவில் மாலை வேளைகளில் ஓட்டைகள் விழும். சில நாள் அரை மணி, சில நாள் அதற்கும் மேல். ஒன்றுமே பதிவாகியிருக்காது.

எங்கள் குழுவில் நான்கு பேர். டாக்டரைத் தவிர மூன்று பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். முதல் ஓட்டையைப் பார்த்தபோதே மூவருக்கும் ஒரே பதில்தான் வந்தது. தோட்டத்துக் கரண்டு. இருட்டினால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, விசிறி, மறுநாள் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி. பல்ப் மஞ்சளாகி மங்கும். அந்த மங்கல் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதியவர்கள் நாங்கள். எங்களுக்கா தெரியாது? டாக்டர் மலாக்கா டவுனில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஒரு தடவை கேட்டார். "நெசமாவே கரண்டுதானா?" மூவரும் சிரித்தோம். "டாக்டர், நீங்க லயத்துல இருந்து பாக்கணும் லா," என்றான் ஒருவன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்கிறார்களே என்று அவரும் விட்டுவிட்டார்.

பிறகு அந்த ஓட்டைகளை நல்ல மாலைகளின் சராசரியால் நிரப்பும்படி ஒரு நிரல் எழுதப்பட்டது. நிரப்பிய தரவோடு மாடலை ஒப்பிட்டோம். அழகாகப் பொருந்தியது. எங்கள் ஊர் மாலைகள் அமைதியானவை என்று மாடலும் சொன்னது, தரவும் சொன்னது. இரண்டு ஆண்டுகள் அந்த நம்பிக்கையில் வேலை நடந்தது.

குணா என்னோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். செம்பனைக்கு ட்ரோனில் மருந்தடித்துச் சம்பாதித்து, விளக்கு ட்ரோன்கள் வாங்கினான். வானத்தில் மயில், ஓம், வேல் என்று உருவம் காட்டுகிற ஆட்டம். கல்யாணங்களுக்குச் செய்தான், ஹோட்டல்களுக்குச் செய்தான். எங்கள் குழுவுக்கு முதல் வாடிக்கையாளரும் அவன்தான். ட்ரோன்கள் ஜி.பி.எஸ்.ஸை நம்பித்தான் பறக்கின்றன, அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மேலே அமைதியா இல்லையா என்று நாங்கள் சொல்ல வேண்டும். பங்குனி உத்திர வாரத்துக்கு மாடல் அமைதி என்றது. எழுதிக் கொடுத்தோம்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை ஒத்திகை. திடலைத் தாண்டி, பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நட்டிருக்கும் நிலத்திலிருந்து ட்ரோன்கள் கிளம்பின. சும்மா பார்த்துவிட்டு அம்மா வீட்டில் பசியாறிவிட்டுத் திரும்பலாம் என்று நானும் போயிருந்தேன்.

வேல் நிமிர்ந்தது. பச்சை வெளிச்சத்தில், கன்று நிலத்துக்கு மேலே, அசையாமல். பிறகு அது நகர ஆரம்பித்தது.

நகர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். காற்றடித்தால் ட்ரோன்கள் ஒவ்வொன்றும் தள்ளாடும், உருவம் கலையும். இங்கே எதுவும் கலையவில்லை. முனை முனையாக, கோடு கோடாக, வேல் அப்படியே திடலைத் தாண்டி லயத்துப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. செம்பனை ஓலை ஒன்றுகூட ஆடவில்லை. கடைசி வீட்டுக் கூரை மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்று, வந்த வழியே திரும்பி வந்தது. வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கைதட்டினார். "சாமி வீடு வீடா பாக்குது," என்றார்.

குணா கைதட்டவில்லை.

"பேஸை யாருடா தொட்டது?" என்று அவன் ஆட்களைக் கேட்டான். பேஸ் என்பது முக்காலியில் நிற்கும் ஒரு பெட்டி. தன் இடத்தை அது துல்லியமாக அறிந்து வைத்திருக்கும், அதை வைத்து எல்லா ட்ரோனும் தங்கள் இடத்தைத் திருத்திக்கொள்ளும்.

"யாரும் கிட்டவே போகல போஸ்."

"அப்ப காத்து."

"காத்துன்னா வேல் கலைஞ்சிருக்கும் குணா," என்றேன்.

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். எல்லாக் கட்டமும் பச்சை. லயத்துக் கூரைக்கு மேல் நின்றிருந்த நேரத்திலும், கன்று நிலத்துக்கு நடுவில்தான் நிற்கிறோம் என்று எல்லா ட்ரோனும் ஒன்றுபோலச் சொல்லியிருந்தன. ஒன்றாவது தப்பு என்று சொல்லியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"நாளைக்கு திடல்ல சனம் உக்காந்திருக்கும் மச்சான்," என்றான் குணா. குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொன்னும் ஒரு கிலோவுக்கு மேல. றெக்க கத்தி மாதிரி."

ஆஸ்பத்திரிக் கூரைப் பெட்டியின் தரவைக் கைப்பேசியில் திறந்தேன். வேல் நகர்ந்த அந்த நேரம் ஓட்டையாக இருந்தது. தோட்டத்துக் கரண்டு. லயத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் விளக்குகள் வெள்ளையாக, நிறைவாக எரிந்துகொண்டிருந்தன. மங்கல் என்பதே இல்லை. புதுக் கம்பி இழுத்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அம்மா ஒரு தடவை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் சின்ன வயதுக் கரண்டை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தேன். விடுமுறை, யாரும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் நிரப்பி மறைத்த ஓட்டைகளை எல்லாம் மறுபடி தோண்டி எடுத்தேன். நல்ல தரவை முழுவதுமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டைகளை மட்டும் நாள்காட்டியில் கறுப்புப் புள்ளிகளாக வைத்தேன்.

கரண்டினால் விழுந்த ஓட்டை என்றால் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடக்க வேண்டும். தீபாவளிக்கு, பொங்கலுக்குக் கூட வேண்டும். மார்கழியிலும் ஆடியிலும் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. பங்குனியிலும் புரட்டாசியிலும் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில் மொய்ப்பு தடித்திருந்தது. பக்கத்தில் சூரியனின் வீரியத்தைக் காட்டும் கோட்டை வைத்துப் பார்த்தேன். அதுவும் அந்த இரண்டு ஆண்டுகளில் ஏறியிருந்தது. லயத்து இஸ்திரிப் பெட்டிக்குச் சூரியன் ஏறுவது எப்படித் தெரியும்?

ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கரண்டு போனால் எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே நொடியில் போக வேண்டும். இங்கே ஒவ்வொன்றாகப் போயிருந்தன. முதலில் மேற்கே, கடல் பக்கம் தாழ்வாக இருப்பது. அப்புறம் அதற்கு மேலே. அப்புறம் உச்சி. கடைசியில் கிழக்கு. பிறகு அதே வரிசையில் மேற்கிலிருந்து திரும்பி வந்திருந்தன. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து ஏதோ ஒன்று ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு மேலே நடந்து போயிருந்தது. இரண்டு ஆண்டுகளாக. நாங்கள் ஒவ்வொரு தடவையும் அதன் காலடியைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்திருந்தோம்.

அந்த வெளிச்சமான காலையில், குளிரூட்டி ஓடும் அறையில், எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

தோட்டத்துக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போகும்போது டாக்டரைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன்.

"நம்ம மாடல் இன்னிக்கி என்ன சொல்லுது?" என்றார்.

"அமைதின்னுதான் சொல்லுது டாக்டர்."

"அது நம்ம ஊட்டி வளத்தது, வேற என்ன சொல்லும். நீங்க என்ன சொல்றீங்க?"

"வரும்னு நெனைக்கிறேன். கட்டாயம்னு சொல்ல முடியல. பங்குனியிலயும் எல்லா நாளும் வர்றதில்ல."

"மேகம்?"

"சுமத்ரா பக்கம் மத்தியானத்துலேர்ந்து கருப்பா எழும்பியிருக்கு."

"சரவணன், நான் அங்க இல்ல. இங்கேர்ந்து நிறுத்துன்னு சொன்னா அது என் பயம். பறக்க விடுன்னு சொன்னா அது என் தைரியம். ரெண்டுமே உங்களுக்கு உதவாது. அங்க நிக்கிறவர் நீங்க, நீங்களே சொல்லுங்க, பின்னால நம்ம குழு நிக்கும்."

அப்போது அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு இல்லை.

திடலில் நாற்காலி போட்டு முடித்திருந்தார்கள். நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆட்டம் எட்டு மணிக்கு என்றால் நாலு மணிக்கே நாற்காலியில் துண்டு விழுந்துவிடும். துண்டு, கைப்பை, குடை, பிள்ளையின் செருப்பு, எது கிடைத்தாலும். அதற்கப்புறம் அது அவர்கள் நாற்காலி, அதில் யாரும் கை வைக்க முடியாது. முன் வரிசையில், நடுவில், ஹோட்டல் முத்திரை போட்ட வெள்ளைத் துண்டு மூன்று கிடந்தன. என் அம்மாவுடையது.

குணாவும் கோவில் தலைவரும் தேருக்குப் பக்கத்தில் நின்றார்கள். தலைவர் லோரி கம்பெனி வைத்திருப்பவர், ஆட்டத்துக்குப் பாதிப் பணம் அவர் கொடுத்தது. நான் சொன்னதைக் கேட்டார்.

"சூரியனாலயா?"

"ஆமாண்ணே."

"அது எறங்குன பொறவுதானப்பா ஆட்டமே. எறங்கிப் போனவன் மேல பழி போடுறியே."

குணா சிரிக்கவில்லை. "இவன் அஞ்சாம் கிளாஸ்லயே இப்படித்தான் தலைவரே. மழ வரும்னு சொல்லிப் பந்து வெளாட்ட நிறுத்துவான்."

"மழ வந்துச்சா?"

"பாதி நாளு வந்துச்சு."

"பாதி நாளுக்கா நான் ஊரக் கூட்டியிருக்கேன்?"

முழுவதுமாக நிறுத்தச் சொன்னேன். தலைவர் முடியாது என்றார். குணா எங்கோ பார்த்தான். அந்த ட்ரோன்களுக்கு அவன் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தான், இந்த ஆட்டம் நின்றால் அடுத்த கோவில் கூப்பிடாது. கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆட்டம் நடக்கும். சனம் நாற்காலியில் உட்காராது. திடலுக்குப் பின்னால், தோட்டச் சாலைக்கு அந்தப் பக்கம், கயிறு கட்டி நிற்க வைப்பது. நான் சரி என்று சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பது.

சனம் நகர்ந்தது, முனகிக்கொண்டே. துண்டுகள் நகரவில்லை. போன இடத்திலிருந்தே தங்கள் நாற்காலியைக் கண்ணால் காவல் காத்தார்கள்.

பொழுது சாய்ந்தது. கிழக்கே செம்பனைக்கு மேலே முழு நிலா. மேற்கே, கடலுக்கு அப்பால், மின்னல் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தது. பறவைக்கூட்டுக் கட்டடம் வராத குருவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. குணாவின் வேன் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து, ஆஸ்பத்திரிக் கூரைப் பெட்டியின் பட்டியலை நேரடியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாக் கோளும் இருந்தன. மேற்கில் ஏழெட்டு, உச்சியில் சில, கிழக்கில் சில.

நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் தொடங்கியது. மயில் விரிந்தது. தோகை ஒவ்வொரு இறகாக நிறம் மாறியது. சனம் ஆ என்றது. ஓம் வந்தது. இம்மி பிசகவில்லை.

தலைவர் என் தோளைத் தொட்டார். "பாத்தியா? ஒன்னும் ஆவல. வயசானவங்க நிக்கிறாங்கப்பா, உக்காரட்டும்." நான் பதில் சொல்வதற்குள் ஒரு முனையில் கயிறு இறங்கிவிட்டது. சனம் நாற்காலியை நோக்கி நடக்க ஆரம்பித்தது. முதல் ஆளாக என் அம்மா, இடுப்பில் பேத்தியோடு.

திரையைப் பார்த்தேன். எல்லாக் கோளும் அப்படியே இருந்தன. ஒன்றுகூட நடுங்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். மாடல் அமைதி என்கிறது. திரை அமைதி என்கிறது. வானத்தில் உருவம் அசையாமல் நிற்கிறது. கோவில் தலைவர் பக்கத்தில் நிற்கிறார். என் கையில் இருந்தது காலையில் பார்த்த கறுப்புப் புள்ளிகள் மட்டும். ஒன்றும் இல்லாத இடங்களின் படம். அதை நம்பி, சொந்த ஊர் சனத்துக்கு முன்னால் நான் கோமாளி ஆக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்து, குமிழி வந்துவிட்டால்?

பக்கத்தில் நின்ற பூசாரியின் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"யாரும் உக்காராதீங்க. தயவு செஞ்சு ரோட்டுக்கு அந்தப் பக்கமே திரும்பிப் போயிருங்க. ஆட்டம் முடியிற வரைக்கும்."

"யாருடா அவன்?" என்று ஒரு குரல்.

"குலவெட்டி ராமு மவன். படிச்சிருக்கான்ல, மைக்கு கெடச்சா விடுவானா."

சிரிப்பு கிளம்பியது. சிலர் நடப்பதை நிறுத்தவே இல்லை. அம்மா நாற்காலிக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். அவமானத்தில் முகம் இறுகியிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், திரும்பி நடந்தார். "வாங்கடி, பையன் சொல்றான்ல," என்று பக்கத்தில் வந்த பெண்களிடம் எரிச்சலாகச் சொன்னது நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. அவர் திரும்பியதால் அந்தப் பெண்கள் திரும்பினார்கள். பெண்கள் திரும்பியதால் பிள்ளைகள். கடைசியாக ஆண்கள், திட்டிக்கொண்டே.

சாலையைத் தாண்டிக் கயிறு மறுபடி ஏறியது. வேல் நிமிர்ந்தது.

மேற்கே தாழ்வாக இருந்த கோள் ஒன்று திரையில் சாம்பல் நிறமானது. கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே ஒன்று. தலையைத் தூக்கிப் பார்த்தேன். வானத்தில் ஒன்றுமில்லை. நிலாவும் வேலும் மட்டும். திரையில் மட்டும் அது கடலிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. உச்சிக்கு வந்ததும் குணாவின் கையைப் பிடித்தேன்.

"குணா, எறக்கு."

"எல்லாம் பச்சடா."

"நேத்தும் பச்சைன்னுதான் சொல்லுச்சு. எறக்குடா."

அவன் இறக்கும் பொத்தானை அழுத்தினான். அதை அழுத்தினால் ஒவ்வொரு ட்ரோனும் கிளம்பிய இடத்துக்கே போய், வரிசை வரிசையாக உட்கார வேண்டும். அவை வரிசை வரிசையாகத்தான் இறங்கின. பேஸ் பெட்டி அதற்குள் கோள்களின் பிடியை விட்டு, மறுபடி பிடித்து, தன் இடத்தையே வேறு எங்கோ என்று முடிவு செய்துவிட்டிருந்தது. அதன் பேச்சை எல்லா ட்ரோனும் நம்பின. கன்று நிலத்தில் இறங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பச்சை விளக்கு எரிய, அவசரமே இல்லாமல், திடலில் இருந்த நாற்காலிகளில் வந்து இறங்கின.

முன் வரிசையில் ஒன்று. அடுத்த நாற்காலியில் ஒன்று. பின் வரிசையில். சிலவற்றின் றெக்கை நாற்காலி முதுகில் பட்டுத் தெறித்தது, துண்டுகள் கிழிந்து சுருண்டு பறந்தன. சில நேராக, யாரோ பார்த்துப் பார்த்து உட்கார வைத்த மாதிரி, உட்கார்ந்தன. கோவிலைப் பார்த்தபடி, விளக்கு எரிந்தபடி. நிறுத்த யாருக்கும் தோன்றாததால் நாதஸ்வரம் முழுப் பாட்டையும் வாசித்து முடித்தது. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கை மகள், "அது நம்ம எடம்," என்றாள்.

தலைவர் நடந்து போய் முன் வரிசைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். கிட்டே போகவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். "யாருக்காவது?" என்றார். "யாருக்கும் இல்ல," என்றேன். அவர் அழைப்பைத் துண்டிக்காமல் அப்படியே இருந்தார்.

ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, அமைதியான மாலைகள் என்று நாங்கள் வெளியிட்டிருந்த முடிவுகளைத் திரும்பப் பெற்றது. பலருக்கு எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் தன் பெயரை முதலில் போட்டார். ஓட்டைகளை நிரப்பும் நிரலை எடுத்துவிட்டோம். இப்போது ஓட்டையும் ஒரு தரவு. எத்தனை நேரம், எந்தத் திசையிலிருந்து தொடங்கியது என்று அதையும் மாடலுக்குக் கொடுக்கிறோம். மாடல் முன்னைப்போல அழகாகப் பொருந்துவதில்லை. பங்குனி மாலைகளில் அது இப்போது தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைத் திருத்த வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், முதலில் தோட்டத்துக்குப் போய் ஒரு மாலை அந்தக் கூரையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஒரு விஷயம் உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றும் இடத்தில், அதை எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்று உங்களையே கேளுங்கள். நாங்கள் மூவரும் கேட்கவில்லை.

அந்தக் கூரைக்கு நான் இப்போதும் போகிறேன். இருட்டிய பிறகு இறங்கி வரும்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

காப்புறுதிக்காரர் அன்றைய வானிலை அறிக்கையை எடுத்து வைத்தார். வானம் தெளிவு, காற்று இல்லை, மழை இல்லை. இழப்பீடு தர முடியாது என்று எழுதிவிட்டார். அதனால் குணாவும் கோவிலும் எங்கள் குழுவும் மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். ட்ரோன்கள், நாற்காலிகள், தலைவருக்குத் திருப்பிக் கொடுத்த முன்பணம் எல்லாம் சேர்த்து முப்பத்தேழாயிரத்து நானூறு மலேசிய வெள்ளி.